இருபத்தைந்து குதிரைகளின் ஓய்வு

ஒரு நிர்வாகம் தன் மக்கள்மேல் எவ்வளவு அக்கறை வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதன் சாலைகளைப் பார்க்க வேண்டாம். மருத்துவமனைகளையும் பார்க்க வேண்டாம். அதன் மீட்புப் படகின் எஞ்சினைப் பார்த்தால் போதும். அந்த வகையில், ஏரிக்கரையில் இருந்த நீர்நிலை மீட்புப் பிரிவுக்கு இணையான அலுவலகம் இந்தப் பூமியில் இன்னொன்று இருக்க வாய்ப்பில்லை. அதன் இருபத்தைந்து குதிரைத்திறன் எஞ்சின்மேல் நான்கு வருடமாக ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதில்லை.

படகின் பின்பலகையில், வெளியே மாட்டுவதற்கென்றே செய்யப்பட்ட எஞ்சின் அது. வெளியே மாட்டினால் வெயில் படும், மழை படும், ஏன், ஏரித் தண்ணீரேகூடப் பட்டுவிடும். ஆகவே கண்காணிப்பாளர் அதை உள்ளே மாட்டி வைத்திருந்தார். ஸ்டோர் ரூமில், மரத் தாங்கியில், மூன்று உறை போர்த்தி. மாதம் ஒரு முறை அவர் வாசல்வரை போய், உறையைத் தூரத்திலிருந்து பார்த்து, படிவத்தில் 'உள்ளது. நன்று' என்று எழுதிக் கையெழுத்திடுவார். மாதாந்திரப் பராமரிப்பு முடிந்தது.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த அலுவலகத்துக்குத் தலைமையிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. அதுவரை 'எஞ்சின் உள்ளதா?' என்று நாகரிகமாகக் கேட்டுக்கொண்டிருந்த மேலிடம், இந்த முறை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் 'எஞ்சின் ஓடுகிறதா?' என்று கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம்.

கண்காணிப்பாளர் உடனே ஸ்டோர் கீப்பரைக் கூப்பிட்டார்.

"எஞ்சின் ஓடுதான்னு கேக்குறாங்கய்யா."

"ஓடல சார்" என்றார் ஸ்டோர் கீப்பர் நெஞ்சில் கை வைத்து. "வச்ச எடத்துலயேதான் இருக்கு. அதுக்கு நான் பொறுப்பு."

இப்படித்தான் அந்தத் திங்கட்கிழமை காலையில் மெக்கானிக்குக்கு ஆள் போனது.

மெக்கானிக்குக்கு நாற்பத்தைந்து வயது. படகுத்துறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை வைத்திருந்தாள். அந்த ஏரியில் ஓடும் எந்தப் படகும் அவள் கை படாமல் ஓடியதில்லை. தூரத்தில் ஒரு எஞ்சின் இருமினாலே, "பிளக்கு போயிருக்கும்" என்பாள். அலுவலக வேலை என்றதும் அவளுக்கு முதலில் தயக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுடைய தங்கை அக்கரைச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். தினமும் பயணிகள் படகில்தான் போய் வருவாள். ஊருக்கெல்லாம் அவள் சிஸ்டர். மெக்கானிக்குக்கு மட்டும்தான் தங்கை. அந்தப் பயணிகள் படகின் இற்றுப்போன பலகையை நம்புவதைவிடக் கரையில் ஒரு மீட்புப் படகு ஓடும் நிலையில் இருப்பது நல்லது என்று நினைத்துத்தான் மெக்கானிக் ஸ்பேனர் பெட்டியைத் தூக்கினாள்.

ஸ்டோர் ரூமுக்குள் நுழைய இரண்டு கையெழுத்து. உறையைத் தொட ஒரு கையெழுத்து. மூன்று உறையையும் ஸ்டோர் கீப்பரே, தூங்குகிற குழந்தையின் போர்வையை விலக்குவதுபோல விலக்கினார். எஞ்சின் பளபளவென்று இருந்தது.

"எப்படி?" என்றார் கண்காணிப்பாளர். "கல்யாணப் பொண்ணு மாதிரி இல்ல?"

மெக்கானிக் மேல் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஓர் எலிக்கூடு இருந்தது. எலிகள் குடிபெயர்ந்து போயிருந்தன. கூட்டின் மெத்தைக்கு அவை பயன்படுத்தியிருந்தது, நறுக்கிப் பஞ்சாக்கிய 'எஞ்சின் மாதாந்திரப் பராமரிப்புப் படிவம்'. அந்தப் படிவங்களால் யாருக்கு என்ன பயன் என்று குறை சொல்கிறவர்கள் வந்து பார்த்திருக்க வேண்டும். ஒரு குடும்பமே பிழைத்திருந்தது.

"இந்தக் கூட்டை இருப்புப் பதிவேட்டுல ஏத்தணுமா சார்?" என்று கேட்டார் ஸ்டோர் கீப்பர்.

"எலியோட இருந்தா 'உயிருள்ளவை'. கூடு மட்டும்னா 'இதர'."

மெக்கானிக் பிளக்குகளைக் கழற்றி, உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டு, எஞ்சினின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிப் பார்த்தாள். முதலில் முரண்டு பிடித்தது. பிறகு அரைச் சுற்று. பிறகு முழுச் சுற்று.

"உசிரு இருக்கு" என்றாள் பெருமூச்சோடு.

பின்னால் நின்ற எழுத்தர் அதைக் குறித்துக்கொண்டார்: 'பரிசோதனையில் உயிர் உள்ளது எனக் கண்டறியப்பட்டது.'

அடுத்து அவள் பெட்ரோல் டேங்கின் மூடியைத் திறந்தாள். பழைய வார்னிஷ் வாடை அறை முழுக்கப் பரவியது.

"பெட்ரோல் கெட்டுப்போச்சு சார். கொட்டிடணும்."

ஸ்டோர் கீப்பரின் முகம் வெளுத்தது. "பன்னெண்டு லிட்டர்மா. பதிவேட்டுல இருக்கு. கொட்டினா நான் எங்க போய் நிப்பேன்?"

செவ்வாய்க்கிழமை முழுவதும் பெட்ரோல்பற்றிக் கூட்டம் நடந்தது. கண்காணிப்பாளர் தலைமை. மேசைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் சம்பந்தப்பட்ட பெட்ரோல்.

"பெட்ரோல் கெட்டுப்போகும்கிறீங்க. அது என்ன பாலா?"

"பால் இல்ல சார். ஆனா கெடும். கெட்டுப் பிசுபிசுன்னு ஆகி, எஞ்சினுக்குப் பெட்ரோல் போற ஊசித் துளையெல்லாம் அடைச்சிக்கும்."

"யாராவது குடிச்சுப் பாத்தாங்களா?"

"பெட்ரோலை யாரு சார் குடிப்பா?"

"அப்ப கெட்டுப்போச்சுன்னு எப்படி எழுதறது?"

கண்காணிப்பாளர் டம்ளரை எடுத்து முகர்ந்து பார்த்தார். ஐந்து நிமிடம் இருமினார். பிறகு வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த முடிவை அறிவித்தார்: பெட்ரோல் கெடவில்லை; 'முதிர்ச்சி' அடைந்திருக்கிறது. முதிர்ந்த பெட்ரோலை ஒரு கேனில் ஊற்றி, அதற்கும் ஓர் உறை போட்டுப் பாதுகாப்பது. புதிய பெட்ரோலை மெக்கானிக் தன் பட்டறையிலிருந்து கொண்டு வருவது. இரண்டாவது தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. மெக்கானிக்குக்கு ஓட்டுரிமை இல்லை.

புதன்கிழமை அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கூட்டம் போடுவார்கள் என்று தெரிந்துவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றித் துணியில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப்போய், பச்சையாகப் படிந்திருந்த பிசினை ஊறவைத்துச் சுரண்டினாள். எஞ்சினைக் குளிரவைக்கத் தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரத்தை வெளியே எடுத்தபோது, அதன் இதழ்கள் எல்லாம் நான்கு வருடம் ஒரே பக்கமாகப் படுத்து, அப்படியே மடிந்து இறுகிப் போயிருந்தன. புதியது ஒன்றைத் தன் அலமாரியிலிருந்தே எடுத்துப் போட்டாள். அந்தத் தண்ணீர் வெளியே வரும் துளையில் மண்குளவி கூடு கட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுத்தாள். நல்லவேளை, கண்காணிப்பாளர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் குளவிக்கு நோட்டீஸ் கொடுத்து, காலி செய்ய முப்பது நாள் அவகாசம் தந்திருப்பார்.

அன்று சாயங்காலம் வீட்டில் தங்கை சண்டைக்கு வந்தாள்.

"அந்த ஆபீஸ் எஞ்சினுக்கு மூணு நாளா உழைக்கிற. என் தையல் மெஷினுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடச் சொல்லி ஆறு மாசமாச்சு."

"உன் மெஷின் நின்னா யாரும் சாக மாட்டாங்கடி."

"நான் நைட்டி இல்லாமச் சாவேன்" என்று சொல்லிவிட்டு, தங்கை அக்காவின் நகக்கண்ணில் ஏறியிருந்த கறுப்பைத் தேய்த்துவிட உட்கார்ந்தாள்.

வியாழக்கிழமை காலையில், எஞ்சினை ஸ்டோர் ரூமிலிருந்து இருபதடி தூரத்திலிருந்த படகுவரை கொண்டுபோக 'வெளியேற்ற அனுமதி' கிடைத்தது. நான்கு பேர் தூக்கிப் பின்பலகையில் மாட்டினார்கள். ஸ்டோர் கீப்பர் பெட்ரோல் டேங்கைத் தானே சுமந்து வந்து படகில் வைத்தார். மூடியையும் அதன் மேலிருந்த சின்னத் திருகையும் தன் கையாலேயே இறுக்கினார். வெளியே பலமான காற்று. ஏரி சுருக்கம் சுருக்கமாக அலையடித்துக்கொண்டிருந்தது. மீன்பிடிப் படகுகள் எல்லாம் விடியற்காலையிலேயே அக்கரைப் பக்கம் போய்விட்டிருந்தன.

மெக்கானிக் எல்லாவற்றையும் மாட்டிவிட்டுக் கடைசியாக எஞ்சினின் முன்பக்கத்தைப் பார்த்தாள். ஒரு சின்னப் பிளாஸ்டிக் கிளிப் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. படகோட்டி தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்துவதற்கான கிளிப் அது. அது மாட்டியிருந்தால்தான் எஞ்சினில் தீப்பொறியே வரும். அவள் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். ஸ்டோர் கீப்பரும் எழுத்தரும் அங்கேதான் இருந்தார்கள்.

"சார், ஒரு செவப்புக் கிளிப் இருக்கும். கயிறு தொங்கும். அது எங்க?"

"அது பாதுகாப்புப் பொருள்மா" என்றார் ஸ்டோர் கீப்பர். "பாதுகாப்பா வச்சிருக்கேன்."

"எங்க?"

"ரொம்பப் பாதுகாப்பா வச்சேன். அதான் எங்கன்னு ஞாபகம் வரல."

அப்போதுதான் அவளுடைய போன் அடித்தது. தங்கை. பின்னால் காற்றின் இரைச்சலும் யாரோ அலறுவதும் கேட்டன.

"அக்கா, பதறாம கேளு. நடு ஏரியில நிக்கிறோம். பலகை பொளந்துடுச்சு. தண்ணி முட்டிக்கு மேல வந்துடுச்சு. ஆறு பேர் இருக்கோம். ஒரு பெரியவருக்கு ஏற்கெனவே மூச்சு வாங்குது. பயப்படாத, என்ன?"

போன் நின்றுவிட்டது. எப்படியோ விஷயத்தைச் சொன்னாள். அந்த நெருக்கடியிலும் கண்காணிப்பாளர் நிதானம் இழக்காததை இங்கே பாராட்டியே ஆக வேண்டும்.

"அவசரக் கூட்டம் போட்டுடலாம்" என்றார் அவர் நாற்காலியை முன்னுக்கு இழுத்து. "எழுத்தர், குறிச்சிக்குங்க. மொத்தம் எத்தனை பேர்? ஆண் எத்தனை, பெண் எத்தனை? புகார் எழுத்துல வந்திருக்கா, வாய்மொழியா?"

"சார், என் தங்கச்சி தண்ணியில நிக்கிறா."

"உணர்ச்சிவசப்படாதீங்க. ஓடுதுன்னு சான்றிதழ் இல்லாத எஞ்சினை ஓட்டினா நாளைக்கு யார் பதில் சொல்றது?"

மேசைமேல் தடிமனான ஒரு கோப்பு இருந்தது. 'எஞ்சின்: ஓடுகிறதா? பாகம் மூன்று.' அதைச் சுற்றி இறுக்கமாகச் சிவப்பு நாடா. மெக்கானிக் அதையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு முடிச்சைப் பிடித்து ஒரே இழுப்பு. காகிதங்கள் காற்றில் பறந்தன. நாடாவோடு வெளியே ஓடினாள்.

சிவப்பு நாடா மக்களுக்கு எதிரி என்றும், அதனால் ஒரு காரியமும் நடக்காது என்றும் எழுதுகிறவர்கள் உண்டு. அவர்கள் அன்று படகுத்துறையில் இருந்திருக்க வேண்டும். மெக்கானிக் அந்த நாடாவைக் கிளிப் இருக்க வேண்டிய பொத்தானின் அடியில் நான்கு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். பொத்தான் வெளியே தள்ளி நின்றது. பெட்ரோல் குழாயின் நடுவிலிருந்த ரப்பர் குமிழை அது கெட்டியாகும்வரை கசக்கினாள். எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்தாள். ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தாள். ஒன்றும் இல்லை. ஐந்தாவது இழுப்பில் ஒரு இருமல். ஏழாவதில் வெள்ளைப் புகை. எட்டாவதில், நான்கு வருடம் ஓய்வெடுத்த இருபத்தைந்து குதிரைகளும் ஒரே நேரத்தில் கனைத்தன. பக்கத்துத் துளையிலிருந்து மெல்லிய கோடாகத் தண்ணீர் பீய்ச்சியடித்தது.

அவள் படகைத் துறையில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்க்கும்போது பின்னாலிருந்து தொப்பென்று யாரோ படகில் குதித்தார்கள். ஸ்டோர் கீப்பர். அக்குளில் இருப்புப் பதிவேடு.

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"எஞ்சின் என் பேர்ல இருக்கும்மா. அது போற எடத்துக்கு நானும் போகணும்" என்றார். அவர் பல்லெல்லாம் தந்தியடித்தது.

படகு அலைமேல் தாவித் தாவிப் போனது. கரை சின்னதாகிக்கொண்டே வந்தது. தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. அதைச் சுற்றிக் கைகள். மெக்கானிக்குக்கு மனதுக்குள் ஒன்றும் ஓடவில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடவில்லையே என்பது மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. பாதி தூரத்தில் எஞ்சின் திணறியது. விக்கியது. நின்றுவிட்டது.

இழுத்தாள். பிடிக்கவில்லை. பிளக்கா? இல்லை, நன்றாகத்தானே ஓடியது. தண்ணீரும் ஒழுங்காக வந்தது. குமிழைத் தொட்டுப் பார்த்தாள். அது உள்ளே உறிஞ்சப்பட்டு, காற்றுப் போன பந்துபோலத் தட்டையாகக் கிடந்தது. அவள் பார்வை டேங்க் மூடிமேல் போனது. காற்று உள்ளே போவதற்கான அந்தச் சின்னத் திருகு அசையாமல் இறுக்கியிருந்தது.

"இதை யாரு மூடினது?"

ஸ்டோர் கீப்பர் கையை உயர்த்தினார். "நான்தான். தெறந்து கெடந்தா ஆவியாகிக் கொறைஞ்சிடுமேன்னு..."

"காத்து உள்ள போனாத்தான்யா பெட்ரோல் வெளிய வரும்!"

திருகைத் தளர்த்தியதும் டேங்க் உஸ்ஸென்று மூச்சு இழுத்தது. "கசக்குங்க!" என்று அவள் கத்த, பதிவேட்டைக் காலடியில் போட்டுவிட்டு அவர் குமிழை இரண்டு கையாலும் கசக்கினார். இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மிச்ச தூரம் முழுக்க, யாரும் சொல்லாமலே, அவர் கசக்கிக்கொண்டே வந்தார்.

பயணிகள் படகு விளிம்புவரை மூழ்கியிருந்தது. ஆறு பேரும் அதன் விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். தங்கை ஒரு கையால் படகையும் மறுகையால் பெரியவரின் முகவாயையும் பிடித்து, அவர் மூக்கு தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி நிறுத்தியிருந்தாள். அவள் உதடு நீலமாக இருந்தது.

"இவரை மொதல்ல" என்றாள்.

மெக்கானிக் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெரியவரின் தோளைப் பிடித்தாள். ஸ்டோர் கீப்பர் காலைப் பிடித்தார். வாழ்நாளில் பேனாவைவிடக் கனமான எதையும் கையெழுத்து வாங்காமல் தூக்கியறியாத அந்த மனிதர் ஒவ்வொருவராக இழுத்துப் போட்டார். வாய் மட்டும் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே இருந்தது. "ஒண்ணு வரவு... ரெண்டு வரவு..." படகோட்டியை இழுக்கும்போது அவரே முக்கால்வாசி தண்ணீரில் போய்விட்டார். கடைசியாகத் தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினார். "ஆறு" என்றார். "மொத்தம் சரி." அப்படியே உட்கார்ந்து கேவிக் கேவி அழ ஆரம்பித்துவிட்டார். பதிவேடு படகின் அடித்தண்ணீரில் ஊறி மை கலைந்துகொண்டிருந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை.

தங்கை அக்காவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கண்காணிப்பாளர் தலைமையிடத்துக்கு அனுப்பிய பதில், அலுவலகத் தமிழின் சிகரங்களில் ஒன்று: 'எஞ்சின் ஓடுகிறது. இப்பிரிவின் நான்காண்டு இடையறாப் பாதுகாப்பின் விளைவாக ஆறு உயிர்கள் மீட்கப்பட்டன.' மெக்கானிக்குக்கு ஒரு குறிப்பாணை: அரசுக் கோப்பின் நாடாவை அனுமதியின்றி அவிழ்த்தது ஏன் என்று ஏழு நாளில் விளக்கம் தர வேண்டும்.

"சார், வாரம் ஒரு தடவை ஓட்டுங்க. ஓட்டினா நல்ல தண்ணி விட்டு அலசுங்க. அவ்வளவுதான் அதுக்கு வேணும்" என்றாள் அவள்.

"ஓடுதுன்னுதான் நிரூபிச்சாச்சேம்மா. இனிமே இன்னும் கவனமாப் பாதுகாக்கணும். நாலு உறை சொல்லியிருக்கேன். யோவ், ஸ்டோர் ரூமைத் தெற."

ஸ்டோர் கீப்பர் சட்டைப்பையைத் தடவினார். கால்சட்டைப்பையைத் தடவினார். "சாவி தண்ணியில விழுந்துடுச்சு சார்" என்றார் மெக்கானிக்கைப் பார்க்காமல். "எஞ்சின் கொஞ்ச நாள் படகுலயேதான் இருக்கணும்போல."

இந்த இக்கட்டான வேளையில்தான் தங்கை உள்ளே வந்தாள். 'மீட்கப்பட்டோர் கருத்துப் படிவம்' பூர்த்தி செய்ய அவளை வரச் சொல்லியிருந்தார்கள். எழுத்தர் நாற்காலி போட்டு, படிவத்தை நீட்டினார்.

"சேவை எப்படின்னு ஒரு கட்டம். மிக நன்று, நன்று, ரெண்டுல ஒண்ணு. கீழ, மீட்புப் படகு வந்து சேர எடுத்துக்கிட்ட நேரம். முப்பத்தி நாலு நிமிஷம்னு நானே பென்சில்ல போட்டு வச்சிருக்கேன் சிஸ்டர். மேல பேனாவால எழுதிட்டா போதும்."

தங்கை ரப்பரை எடுத்து அதை அழித்தாள். 'நான்கு வருடம், முப்பத்து நான்கு நிமிடம்' என்று எழுதினாள்.

எழுத்தர் சங்கடமாக நெளிந்தார். "வருஷம்லாம் எழுத முடியாது சிஸ்டர். கட்டத்துல நிமிடம்னுதான் இருக்கு."

"சரி. அப்ப நிமிஷமாவே மாத்திக் குடுங்க."

எழுத்தர் மனசாட்சியுள்ள மனிதர். கால்குலேட்டரை எடுத்தார். இடையில் வந்த லீப் வருடத்தையும் மறக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல, தங்கை நிறுத்தி நிதானமாக எழுதினாள்: இருபத்தொரு லட்சத்து மூவாயிரத்து எண்ணூற்று எழுபத்து நான்கு.

படிவம் கண்காணிப்பாளரிடம் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"என்னய்யா இது? யார் போட்ட கணக்கு?"

"நான்தான் சார்" என்றார் எழுத்தர், எழுந்து நின்று. "ரெண்டு தடவை சரிபாத்துட்டேன். தப்பு கணக்குல இல்ல."